ஓரம் வெட்டாத படம்

சண்டை போடுவதற்கென்றே தையல்காரம்மா அந்த வீடியோ கடைக்கு வந்திருந்தாள். வீடியோ கடை என்பதெல்லாம் வெளியே பலகையில்தான். உள்ளே முக்கால்வாசி மொபைல் உறைகளும் சார்ஜர்களும் தொங்கின. மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால் பட்டப்பகலிலேயே குழல்விளக்கு எரிந்தது. அதன் ஒரு முனை கறுத்துப்போய், விட்டுவிட்டுத் துடித்தது.

"என் தலையில நல்லா மிளகாய் அரைச்சிட்டீங்க தம்பி," என்று சொல்லி, கட்டைவிரல் நீளத்தில் இருந்த ஒரு சாமானை மேசைமேல் வைத்தாள். அதன் ஒரு முனை கம்ப்யூட்டரில் செருகுவதற்கு. மறுமுனையில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர்கள். பழைய கேம்கோடர் டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் என்று சொல்லி அவளிடம் விற்றது.

கடைக்காரனை எல்லோரும் 'கேசட்' என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாண வீடியோ ஓகோவென்று ஓடிய காலத்தில் வைத்த பெயர். அந்தக் காலம் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

"என்னம்மா ஆச்சு?"

"நீலமாப் போகுது. புள்ள பேச வாயத் தொறக்கறா, உடனே திரை நீலமாயிடுது. சத்தமும் இல்ல. ஒரு டேப்பு முழுக்க நான் பாத்தது நீலந்தான்."

"திரும்பப் போட்டுப் பாத்தீங்களா?"

"போட்டேன். ரெண்டாந்தரம் அந்த நீலங்கூட வரல. வெறும் இரைச்சல்."

அவன் அவள் கையிலிருந்த டேப்பை வாங்கி, அதன் மூடியை நகத்தால் நெம்பி, நாடாவை விரலால் தொட்டுப் பார்த்தான். விரல் நுனியில் பழுப்பாகத் தூள் ஒட்டியது. புளித்த வாடை வேறு.

"உதிருதும்மா. ஓட்ட ஓட்டப் படம் தூளாக் கொட்டிடும். மிச்ச டேப்பும் இப்படித்தான் இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரே வாய்ப்புதான். முதல் தடவையே சரியான மிஷின்ல புடிச்சாத்தான் உண்டு."

சண்டை போட வந்தவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய வீட்டுக்காரர் டிராயிங் மாஸ்டர். வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை, மெல்ல மெல்லத் தேறிவிடலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வந்த மனிதர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. இப்போது விழுங்குவதையும் நிறுத்திவிட்டார். வாயில் விட்ட பால் கடைவாய் வழியாக வழிந்து தலையணையை நனைத்தது. "அவருக்கே வாழணும்னு தோணணும்மா. ரொம்பப் பிடிச்சவங்க குரலைக் கேட்டா ஒருவேளை திரும்புவார். அதுவும் சீக்கிரம்," என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் குரலுக்கு அவர் திரும்பவில்லை. மீதி இருந்தது பட்டாணியின் குரல்தான்.

பட்டாணி அவர்களுடைய ஒரே மகள். உருண்டையாக, குட்டியாகப் பிறந்ததால் அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, கடைசிவரை அதுவே நிலைத்தது. ஏழு வயதில் மாடிப்படியிலிருந்து விழுந்து இறந்துபோனாள். கேமரா ரிப்பேருக்குப் போயிருந்த வாரத்தில்தான் அது நடந்தது. "கேமரா இருந்திருந்தா... கேமரா மட்டும் இருந்திருந்தா" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். துக்கத்தில் மனிதன் எதையாவது உளறுவான், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரிப்பேராகி வந்த கேமராவையும் டேப்புகளையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, சுற்றிச் சுற்றி ஒட்டி, பரணில் ஏற்றிவிட்டார். அதைத் தொடக்கூடாது என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவள் இத்தனை வருஷமாகத் தொடவும் இல்லை.

இப்போது வேறு வழியில்லாமல்தான் பிரித்தாள். உள்ளே நாலு டேப்புகள் இருந்தன. அதில் ஒன்றை இந்தக் கட்டைவிரல் சாமான் தின்றுவிட்டது.

கேசட் உள்ளே போய் இரண்டு மிஷின்களைக் கொண்டுவந்து வைத்தான். ஒன்று வெள்ளையாக, சோப்பு டப்பா மாதிரி அழகாக இருந்தது. இன்னொன்று கனமான இரும்புப் பெட்டி. பக்கவாட்டில் காற்றாடி, மேலெல்லாம் தூசி.

"வெள்ளை டப்பா படத்த ஆடாம நிறுத்தும். ஓரமெல்லாம் வெட்டி நறுவிசாக் குடுக்கும். எல்லாருக்கும் நான் இதுலதான் பண்ணித் தர்றேன்."

"அந்தப் பெட்டி?"

"அது வேண்டாம்மா. அது இருக்கறத இருக்கற மாதிரியே புடிக்கும். பாக்க நல்லா இருக்காது."

அவள் வெள்ளை டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை, வழக்கமாக வரும் நர்ஸ் பெண் மாஸ்டரைத் துடைத்து, படுக்கையை மாற்றிக்கொண்டிருந்தாள். கூடத்தின் மூலையில் கட்டில் கிடந்தது. தலைமாட்டிலும் சுவர், அவருடைய இடது கைப்பக்கமும் சுவர். கால்மாட்டைத் தாண்டினால் மாடிப்படி. ஜன்னலோரம் தையல் மிஷினும், பாதி வெட்டிய பள்ளிச் சீருடைகளும்.

"அக்கா, சார் ஏன் எப்பவும் சுவத்தையே பாக்கறார்? நான் இந்தப் பக்கம் திருப்பினா கண்ண இறுக்கி மூடிக்கறார்."

"வாதம் வந்தவங்களுக்கு ஒரு பக்கமே நெனப்பு இருக்காதாம். டாக்டர் சொன்னாரே."

நர்ஸ் பெண் போர்வையை உதறினாள். "நெனப்பு இல்லாதவங்களையும் பாத்திருக்கேன்க்கா. இவர் அப்படி இல்ல. பயந்த புள்ள மாதிரி மூடிக்கறார்."

தையல்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. நர்ஸ் பெண் போனதும், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய லேப்டாப்பைக் கட்டிலருகே வைத்து, வயர்களைச் செருகி, இரண்டாவது டேப்பைப் போட்டாள்.

வெள்ளை டப்பா சொன்ன சொல் தவறவில்லை. படம் ஆடாமல் அசங்காமல் நின்றது. நாலு ஓரமும் கறுப்புப் பட்டை வைத்துத் தைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அதற்குள் பட்டாணி, மஞ்சள் கவுனில், இதே கூடத்தில் குதித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கவுனைத் தைத்தவள் இவள்தான். அழுதால் படம் தெரியாதே என்று அழுகையை அடக்கிக்கொண்டாள்.

படத்துக்குப் பின்னாலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது. "இந்தப் பக்கம் வாடா கண்ணு. இந்தப் பக்கம்."

அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்காக அவரைக் கிண்டல் செய்யாத சொந்தக்காரர் கிடையாது. ஊருக்கெல்லாம் நேர்கோடு போடச் சொல்லிக்கொடுத்த டிராயிங் மாஸ்டர், அவர் எடுத்த வீடியோ மட்டும் கோணல். வலது பக்கம் நிற்பவர்களுக்கெல்லாம் பாதி முகம்தான் கிடைக்கும். குழந்தையை எப்போதும் இடது பக்கமே இழுப்பார். 'இந்தப்பக்கம் மாஸ்டர்' என்றே அவருக்குப் பட்டப்பெயர். "நீயே எடுத்துப் பாரேன், தெரியும்," என்று கேமராவை ஒருநாள் அவளிடம் நீட்டினார். அவளுக்கு ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாது. ஊசியில் நூல் கோப்பதுகூட இரண்டு கண்ணையும் அகலத் திறந்துதான். கேமராவின் அந்தச் சின்னக் கண்ணாடியில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவர் முகம் ஏன் அப்படி விழுந்தது என்று அன்றைக்கு அவளுக்குப் புரியவில்லை.

படத்தில் பட்டாணி வலது பக்கம் திரும்பி, வாயைத் திறந்தாள்.

சத்தம் அறுந்தது.

உதடு அசைந்தது, குரல் இல்லை. குழந்தை மறுபடி அப்பாவைப் பார்த்ததும் சத்தம் வந்தது, அதற்குள் பேச்சு முடிந்திருந்தது. பட்டாணி மறுபடி வலது பக்கம் திரும்பினாள், மறுபடி அறுந்தது. டேப் முடிகிறவரை இதே கதை.

ஆனால் ஒன்று நடந்தது. "இந்தப் பக்கம்" என்று தன் குரலே கேட்டபோதெல்லாம், மாஸ்டரின் இடது கை போர்வையை இறுக்கிப் பிடித்தது. அவள் பதறிப்போய் ஒரு ஸ்பூன் பாலை வாயில் விட்டாள். தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டார்.

ஒரு ஸ்பூன் பால். அவளுக்கு அது போதுமாயிருந்தது. மழையென்றும் பார்க்காமல் கடைக்கு ஓடினாள்.

"அந்த இரும்புப் பெட்டிதான் வேணும் தம்பி."

கேசட் தயங்கினான். "வெள்ளை டப்பாவும் அந்த இடத்துல விட்டுடுச்சா?"

"புள்ள வலது பக்கம் திரும்பிப் பேசும்போது மட்டும். முதல் டேப்புலயும் சரியா அந்த நேரத்துலதான் நீலமாச்சு. அங்க மட்டும் ஏன் அப்படி ஆகுது?"

"சிக்னல் விழுதும்மா. கேமராவுக்குப் பக்கத்துல ஏதாவது இருந்திருக்கும்."

"என்ன இருந்திருக்கும்?"

அவன் தோளைக் குலுக்கினான். பிறகு பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னான். "இது சிக்னல் விழுந்தாலும் விடாது. ஆனா ஓரமும் சேர்ந்து வரும். அந்தக் காலத்து டிவி இருக்குல்ல, அது படத்தோட நாலு ஓரத்தையும் தன் சட்டத்துக்குள்ள முழுங்கிடும். கேமரா புடிச்சது எப்பவும் நாம பாத்தத விடக் கொஞ்சம் அதிகம். அந்த ஓரத்துல குப்பைதான் இருக்கும். பெட்டியில ஒரு பித்தான் இருக்கு, அத அமுக்கினா ஓரத்த வெட்டிடும். நான் அமுக்கிக் குடுக்கறேன்."

"தையலுக்கு உள்ள மடிச்சு விடற துணி மாதிரியா?"

"அதேதாம்மா."

"அப்ப வெட்டாதீங்க தம்பி."

முப்பது வருஷமாகத் தைக்கிறவள். மடித்த துணியை அவள் ஒருநாளும் வெட்டியதில்லை. பிள்ளைகள் வளரும், பிறகு பிரித்துவிட உதவும் என்று உள்ளே தாராளமாக விட்டுத்தான் தைப்பாள். பட்டாணியின் கவுன்களில் எல்லாம் அப்படி விட்ட துணி இன்னும் பிரிக்கப்படாமலேயே பெட்டியில் இருக்கிறது. மகளின் படத்தில் ஒரு நூல்கூட வெட்டுப்பட அவள் சம்மதிப்பாளா?

"ஓரத்துலதான் எம்பொண்ணு பாதி இருக்கா. ஒண்ணையும் வெட்டாதீங்க."

கேசட் பித்தானிலிருந்து கையை எடுத்தான். "வேலை முடிஞ்சதும் உடனே கொண்டாந்து குடுத்துடுங்கம்மா," என்று மட்டும் சொன்னான்.

அவள் வீடு திரும்பியபோது மத்தியானம். மேகம் கவிந்து கூடம் மங்கிக் கிடந்தது. திரையில் வெளிச்சம் படாமல் இருக்க ஜன்னல் திரைச்சீலையையும் இழுத்துவிட்டாள். கட்டிலுக்கு எதிரே உயரமான ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் கேமராவையும் லேப்டாப்பையும் கட்டிலைப் பார்க்க வைத்தாள். இரும்புப் பெட்டி தரையில். காற்றாடி சுழன்றதும் சூடான தூசியின் வாடை கிளம்பியது. அவள் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம், மாஸ்டரின் முழங்காலருகே உட்கார்ந்துகொண்டாள்.

"ஏங்க, உங்க பொண்ணு பேசப்போறா. திரும்பிப் பாருங்க."

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது டேப் ஓடத் தொடங்கியது. பள்ளி விளையாட்டு மைதானம். படம் நடுங்கியது, கோடு கோடாகக் கிழிந்தது, ஆனால் நின்றது. ஓரங்கள் திறந்திருந்தன. கீழே ஒரு கற்றை இரைச்சல், மேலே கொஞ்சம் வானம். வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை.

திரைச்சீலை என்று நினைத்தாள். அப்புறம் யோசித்தாள். மைதானத்தில் ஏது திரைச்சீலை?

ஓட்டப்பந்தயத்துக்கு நின்ற பிள்ளைகளின் சட்டைகள் காற்றில் படபடத்தன. பட்டாணியின் ரிப்பன் பறந்தது. அந்தச் சாம்பல் பட்டை அசையவில்லை. துணி எப்படி விழும், எப்படி மடியும் என்று அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். இது துணி மாதிரி மடிந்திருந்தது. ஆனால் துணி விழுகிற மாதிரி விழவில்லை.

"இந்தப் பக்கம் வாடா கண்ணு," என்றது மாஸ்டரின் குரல். கேமரா மெல்ல இடது பக்கம் நகர்ந்தது. பட்டை ஓரத்தைத் தாண்டி மறைந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தது.

காட்சி மாறியது. கடற்கரை. வலது ஓரத்தில் அதே சாம்பல் பட்டை. "இந்தப் பக்கம்." கேமரா நகர்ந்தது. காட்சி மாறியது. பிறந்தநாள், இதே கூடம், சுற்றிலும் சொந்தக்காரர்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில், யாரும் திரும்பிப் பார்க்காமல், வலது ஓரத்தில் அது. "இந்தப் பக்கம் வாடா. அப்பாகிட்ட வா. சீக்கிரம்."

அவள் விரலால் திரையைத் தொட்டாள். டிவியின் சட்டம் எதுவரை மறைத்திருக்கும் என்று கண்ணாலேயே அளந்தாள். சரியாக அந்த இடத்திலிருந்துதான் பட்டை தொடங்கியது.

மனிதர் கோணலாக எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அளந்து, கச்சிதமாக, அதை வெளியே வைத்திருக்கிறார்.

கேமராவின் கண்ணாடி வழியாக அவருக்கு மட்டும் அது தெரிந்திருக்கிறது. அவளிடம் நீட்டியபோது, 'நீயே எடுத்துப் பாரேன்' என்று கெஞ்சியிருக்கிறார். அவள் சிரித்தாள். பாவி, சிரித்தாளே.

டேப்பை நிறுத்தக் கை போனது. நிறுத்தவில்லை. ஏனென்றால் மாஸ்டரின் தலை தலையணையில் உரசும் சத்தம் கேட்டது. அவர் முகம் சுவரைவிட்டுக் கொஞ்சம் திரும்பியிருந்தது. இமைகள் துடித்தன. எத்தனை வாரத்துக்கு அப்புறம். அவள் பால் ஸ்பூனை நீட்டினாள். விழுங்கினார். இன்னொரு ஸ்பூன். அதையும் விழுங்கினார்.

இதை விட்டால் இவரும் போய்விடுவார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. படத்தில் எது நின்றால் என்ன, அது என்றைக்கோ எடுத்த படம்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கடைசி டேப்பை எடுத்தாள். இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை கேமராவுக்குள் போனது.

கூடம். மாடிப்படி. இப்போது கட்டிலின் கால்மாட்டுக்கு அப்பால் இருக்கிற அதே படி.

பட்டாணி கீழ்ப்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். வலது ஓரத்தில் அது நின்றது. இந்தத் தடவை பட்டை அல்ல. பாதித் தோள். தொங்கும் கை. விரல்கள் முழங்காலுக்கும் கீழே வந்திருந்தன.

"இந்தப் பக்கம் வாடா கண்ணு." மாஸ்டரின் குரல் உலர்ந்திருந்தது.

கேமரா இடது பக்கம் நகர்ந்தது. அதுவும் கூடவே நகர்ந்தது.

"பட்டாணி. எந்திரி. இந்தப் பக்கம் வா."

பட்டாணி எழுந்திருக்கவில்லை. வலது பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். படம் கிழிந்தது, இரைச்சல் பொங்கியது. இரும்புப் பெட்டி விடவில்லை. காற்றாடி ஊளையிட்டது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, நீலமாகாமல், அறுபடாமல், குழந்தையின் குரல் துல்லியமாக எழுந்து வந்தது. இத்தனை வருஷம் கேட்கத் தவித்த குரல்.

"நீங்க ஏன் எப்பவும் ஓரமாவே நிக்கறீங்க? உள்ள வாங்க."

டேப் முடிந்தது.

கூடத்தில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. தையல்காரம்மா எழுந்து, கேமராவை அணைக்க அதன் திருகைத் திருப்பினாள். அவசரத்தில் எந்தப் பக்கம் திருப்பினோம் என்று பார்க்கவில்லை. விளக்கு அணையாமல் சிவப்பாக எரிந்தது. அதற்குள் பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள்.

மாஸ்டர் முழுவதுமாக இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். கண்கள் அகலத் திறந்திருந்தன. வாய் கோணி, எச்சில் வழிய, எதையோ உருட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க... என்னங்க, பேசுங்க," என்று அவள் ஓடிவந்து முழங்காலருகே உட்கார்ந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தெய்வமே, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்று எத்தனை நாள் கேட்டிருப்பாள்.

"இந்..." என்றார்.

"சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க."

"இந்தப்... பக்கம்... வா."

பேசிவிட்டார். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சிரித்தாள், அழுதாள், அவர் கையைப் பிடித்து முகத்தில் ஒற்றிக்கொண்டாள். அதன் பிறகுதான் கவனித்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை.

அவள் தோளுக்கு அப்பால், கால்மாட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. எதிரே ஸ்டூலில் இருந்த லேப்டாப் கண்ணில் பட்டது. அதில் இந்தக் கூடம் தெரிந்தது. கேமரா இப்போது அவர்களைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. மூலையில் கட்டில், இடது பக்கம் மாஸ்டரின் தலை, நடுவில் அவள். நாலு ஓரமும் திறந்தே இருந்தன.

வலது ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை, சாம்பல்.

"வா," என்றார் மாஸ்டர்.

அவள் தலைமாட்டை நோக்கி நகர்ந்தாள். திரையில் அந்தத் தோளும் உள்ளே வந்தது. அவருடைய நல்ல கை அவள் சட்டையைக் கொத்தாகப் பற்றித் தன் பக்கம் இழுத்தது. இத்தனை நாள் ஒரு ஸ்பூனைக்கூடத் தூக்காத கைக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ. அவள் அவர்மேல் தவழ்ந்து தாண்டி, அந்தப் பக்கம், இரண்டு சுவரும் சேரும் மூலையில் ஒடுங்கிக்கொண்டாள். முதுகில் சுவர் ஜில்லென்று பட்டது. கேமரா அசையாமல் நின்றது. படத்தை இடது பக்கம் இழுக்க அதன் பின்னால் இந்தத் தடவை யாரும் இல்லை.

"இனிமே இடமில்லைங்க," என்று அவர் காதோரம் முணுமுணுத்தாள். "சுவர் வந்துடுச்சு."

அவர் பார்வை கால்மாட்டிலிருந்து மெல்ல, மிக மெல்ல, கட்டிலை நோக்கி நகர்ந்து வந்தது.

"இந்தப் பக்கம்," என்றார். "இன்னும்... இந்தப் பக்கம்."

அவர்கள் காலடியில் மெத்தை லேசாக அழுந்தியது.